இவை உன் பார்வைக்கு

மே 2, சனி

காலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது, வழக்கம்போல.

"எமல்டா, இவை உன் பார்வைக்கு. அவசரமில்லை. – த."

கீழே ஐந்து பதிவுகளின் எண்கள்.

என் கணவர் பிப்ரவரி 12 அன்று காலமானார். மின்னஞ்சலை அனுப்புவது அவர் எழுதி வைத்த நிரல். சரிபார்க்க வேண்டிய பதிவு ஒன்றாவது மீதி இருந்தால் சனிக்கிழமை காலையில் எனக்கு நினைவூட்டும். இதில் விந்தை ஏதும் இல்லை. நாத்தனார் ஜசிந்தா மட்டும் ஒவ்வொரு முறையும் சிலுவை போட்டுக்கொள்கிறாள். நாற்பது ஆண்டுகள் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள் செய்கிற காரியமா இது?

இரண்டு பதிவுகளை முடித்தேன். மீதி மூன்று. தண்ணீர் லாரி வரவில்லை.

மே 5, செவ்வாய்

உயிரியல் தரவு மையத்திலிருந்து பூங்கோதை என்ற பெண் பேசினாள். முனைவர் பட்டம் பெற்றவள். ஈரோட்டுப் பக்கம் என்பது இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது.

"சங்குத் தரவகத்த எங்க தளத்துக்கு மாத்துற வேலைய என்கிட்டத்தானுங்க மேடம் குடுத்திருக்காங்க."

"உங்க மெயில் வந்தது. மூணு தப்பு இருந்தது."

"ஐயோ, நிரல்லயாங்க?"

"இங்கிலீஷ்ல."

சிரித்தாள். "திருத்தி அனுப்பிடுங்க மேடம். பத்திரமா வெச்சுக்கறேன்."

திருத்தி அனுப்பினேன்.

தரவகத்தைப் பற்றிச் சுருக்கமாக எழுதித் தரும்படி கேட்டாள். அனுப்பியதன் சாரத்தை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

கூம்புச் சங்கு கடலில் வாழும் சிறு நத்தை. அது குத்தினால் மீன் அசைவற்றுப் போகும். அதன் நஞ்சு பல சிறு புரதச் சங்கிலிகளின் கலவை. அவற்றில் சில, நரம்பு வலியைத் தணிக்கும் மருந்தாகக்கூடும் என்று ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். உலகில் எங்கே எந்தச் சங்கிலியைக் கண்டுபிடித்து எழுதினாலும் 'சங்கு'வில் அதற்கு ஒரு பதிவு உண்டு. தரவகத்தையும், ஒரு சங்கிலியை மற்றொன்றோடு ஒப்பிடும் கருவியையும், உருவத்தை வரைந்து காட்டும் பக்கத்தையும் எழுதியவர் கணினி உயிரியல் பேராசிரியர் தனிஸ்லாஸ். கல்லூரி இடம் தராததால் சர்வர் தூத்துக்குடியில் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறது. அதற்கு இரவும் பகலும் ஏசி ஓடுகிறது.

ஒவ்வொரு பதிவிலும் இரண்டு பெயர்கள் உண்டு. முதல் பெயர் எழுதியவருடையது, இரண்டாவது சரிபார்த்தவருடையது. எழுதியவர் சரிபார்க்கக் கூடாது, சரிபார்ப்பவர் எழுதக் கூடாது. பிழை கண்டால் திருப்பி அனுப்பலாம், அவ்வளவுதான். இந்த விதி என்னுடையது. கான்வென்டில் மதர் எவாஞ்சலின் எங்களுக்குச் சொன்னது: கணக்குப் போட்டவள் திருத்தக் கூடாது, திருத்துபவள் பென்சிலைத் தொடக் கூடாது. அதை அவரிடம் சொன்னேன். அவர் நிரலில் எழுதிவிட்டார். அன்று முதல் அவர் எழுதுவார், நான் பார்ப்பேன். விலங்கியல் கற்பித்த முப்பது ஆண்டுகளிலும், ஓய்வு பெற்ற பிறகும் இந்த வேலையை விட்டதில்லை.

பூங்கோதை ஒன்றைத் தெளிவாகச் சொன்னாள். மையத்தின் தளத்தில் இரண்டு அடுக்குகள் உண்டு. ஒன்று கையால் சரிபார்த்தது, மற்றது இயந்திரம் சரிபார்த்தது. ஜூன் 30க்குள் எல்லாப் பதிவுகளும் முடிந்திருந்தால் 'சங்கு' முழுவதும் முதல் அடுக்குக்குப் போகும். ஒரே ஒரு பதிவு திறந்திருந்தாலும் முழுவதும் இரண்டாவது அடுக்குக்குத்தான். அங்கே இயந்திரத்தின் கணிப்பு எங்கே வேறுபடுகிறதோ அங்கே இயந்திரம் சொல்வதே நிற்கும்.

"மூணு பதிவுதானுங்களே மேடம் பாக்கி? ஒரு வாரத்துல முடிச்சிடலாம்ங்க" என்றாள்.

முடிக்கலாம் என்றேன்.

மே 7, வியாழன்

பிரேசிலில் இருந்து ஓர் ஆய்வாளர் அவருக்கு எழுதியிருந்தார். ஒப்பிடும் கருவியில் ஐயம். பதிலை நானே எழுதினேன். முடிவில், 'பேராசிரியர் தனிஸ்லாஸ் தற்போது பதில் எழுதும் நிலையில் இல்லை' என்று சேர்த்தேன். பிழையற்ற வாக்கியம்.

மே 9, சனி

"எமல்டா, இவை உன் பார்வைக்கு. அவசரமில்லை. – த."

மூன்று எண்கள். இரண்டை முடித்தேன். ஒன்றில் அவர் கடல் ஆழத்தை அடிக் கணக்கில் எழுதியிருந்தார். மூலக் கட்டுரையில் மீட்டர். முன்பானால் திருப்பி அனுப்பியிருப்பேன், அவர் முன்னறையிலிருந்து "ஆமாமா, கொல்லாதே" என்று குரல் கொடுத்திருப்பார். நல்லவேளை, ஆழம் கட்டாயக் கட்டம் அல்ல. அதை வெறுமையாக விட விதியில் இடம் இருக்கிறது.

மீதி 2214 மட்டும்.

மே 10, ஞாயிறு

பூசை. சாளை மீன் குழம்பு. அனல் காற்று.

மே 16, சனி

மின்னஞ்சல் வந்தது. ஓர் எண்தான் இருந்தது. 2214. 'இவை' என்ற பன்மையை நிரல் மாற்றவில்லை. ஒருமைக்குத் தனி வாக்கியம் எழுத அவர் மெனக்கெடவில்லை. இதை அவரிடம் ஒரு முறை சுட்டிக்காட்டினேன். "வருஷத்துக்கு ஒரு தரம் வருமா, எமல்டா?" என்றார்.

2214இல் இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது.

மே 19, செவ்வாய்

யுபிஎஸ் பேட்டரி மாற்ற ஆள் வந்தார். உப்புக் காற்றில் முனைகள் பச்சை பூத்திருந்தன. மாற்றுவதற்குள் ஏசி கொஞ்ச நேரம் நின்றது. சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜசிந்தாவுக்குத்தான் ஆயிற்று.

அவள் ஏப்ரல் முதல் பகலில் முன்னறையில் பாய் விரித்துப் படுக்கிறாள்.

"அண்ணன் இருக்கும்போ என்னை இந்த ரூமுக்குள்ள காலெடுத்து வைக்க விட்டாகளா? தூசி வருமாம், தூசி. ஊருக்கெல்லாம் வேர்க்குது, மிஷினுக்கு மட்டும் குளிர்காலம். மைனி, செத்தா நான் மிஷினாத்தான் பொறக்கணும்."

"மறுபிறவியில் நமக்கு நம்பிக்கை இல்லை."

"ஏசியில நம்பிக்கை உண்டும்லா?"

அவள் தலைமாட்டில்தான் அவருடைய மேசை. நாற்காலியில் துவைத்த துணிகளை மடித்து வைத்திருந்தாள். எடுத்து உள்ளே வைத்தேன்.

மே 23, சனி

வந்தது.

மே 27, புதன்

பூங்கோதை மீண்டும் பேசினாள். இப்போதெல்லாம் நேரே விஷயத்துக்கு வருவதில்லை. அவருடைய நிரல்களைப் படித்துக்கொண்டிருக்கிறாளாம்.

"மேடம், சார் எல்லா நிரலையும் பெர்ல் மொழியிலயே எழுதி வெச்சிருக்காருங்க. எங்க ஆபீஸ்ல பெர்ல் படிக்கத் தெரிஞ்சது ரெண்டே பேருங்க. ஒருத்தர் அடுத்த மாசம் ரிட்டையர்டு."

"முத்துக்குளித்துறைக்காரர் வேற எதுல எழுதுவார்?"

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு நிறுத்தாமல் சிரித்தாள். அது அவர் சொல்லும் பழைய நகைச்சுவை. நான் ஒருபோதும் அதற்குச் சிரித்ததில்லை.

"அந்தச் சனிக்கெழம மெயில் நிரலையும் பார்த்தனுங்க. ரொம்பச் சின்னது. பதிவுல முதல் பேரு யாருதோ அவங்க எழுத்தக் கீழ போட்டு, ரெண்டாவது பேரு யாருதோ அவங்களுக்கு அனுப்பிருதுங்க. மனுசங்க யாரும் அனுப்பறதில்ல."

"தெரியும்."

"இல்லீங்க, உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லல..."

"பூங்கோதை, நான் நல்லாத்தான் இருக்கேன்."

"சரிங்க மேடம்." கொஞ்சம் பொறுத்து, "2214 மட்டும் என்னங்க ஆச்சு?"

பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

மே 30, சனி

வந்தது. மதியம் ஒரு மணி நேரம் மின்சாரம் இல்லை. புது பேட்டரி தாங்கியது.

ஜூன் 6, சனி

வந்தது.

ஜூன் 12, வெள்ளி

நான்காம் மாதப் பூசை. கோயிலில் மின்விசிறி ஓடவில்லை. சாமியார் புதியவர், அவர் பெயரைத் 'தனிஸ்லாவு' என்று வாசித்தார். முடிந்ததும் போய்த் திருத்தினேன். "சரிங்கம்மா, அடுத்த மாசம் சரியா வாசிக்கிறேன்" என்றார். அடுத்த மாதம் பூசைக்குச் சொல்லிவைக்கவில்லை என்றேன். ஜசிந்தா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஜூன் 13, சனி

"எமல்டா, இவை உன் பார்வைக்கு. அவசரமில்லை."

ஜூன் 15, திங்கள்

பூங்கோதை 'சங்கு'வின் ஒரு நகலில் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தாள். இரண்டாவது அடுக்குக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கான ஒத்திகை. வேறுபட்டவற்றின் அறிக்கையை எனக்கு அனுப்பினாள். வாசித்து முடிக்கக் காலைப்பொழுது ஆயிற்று.

இயந்திரம் முட்டாள் அல்ல. ஒரு சங்கிலியின் குடும்பத்தைப் பார்க்கும். குடும்பத்தில் பெரும்பான்மையின் உருவம் எதுவோ அதையே இதற்கும் தரும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் குடும்பத்தை ஒட்டாமல் வேறு உருவம் கொண்டவற்றைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் தேடித் தேடிச் சேர்த்தார். அவற்றைத்தான் இயந்திரம் பிழை என்று கருதி மாற்றியிருந்தது. பக்கம் பக்கமாக. படங்கள் அழகான நீல நிறத்தில் இருந்தன. நீலம் என்றால் இயந்திரத்துக்கு முழு நம்பிக்கை என்று பொருள்.

2214உம் அந்த அறிக்கையில் இருந்தது.

அந்தச் சங்கிலியில் நான்கு இடங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வருகிறது. நான்கும் இரண்டிரண்டாகக் கை கோர்த்துக்கொள்ளும். ஒவ்வொரு கோர்வையும் ஒரு பாலம். எது எதோடு என்பதைப் பொறுத்துத்தான் உருவம். உருவம் மாறினால் அது வேறு பொருள். குடும்பத்தில் பெரும்பான்மைக்கு முதலாவது மூன்றாவதோடும், இரண்டாவது நான்காவதோடும். இதற்கு அப்படி இல்லை. அவர் எழுதியிருக்கிறார், 'முதல் பாலம்: 1–4' என்று. இயந்திரம் அதை 1–3 என்று மாற்றிவிட்டது.

மாலையில் பூங்கோதை பேசினாள். இம்முறை சிரிப்பு இல்லை.

"மேடம், ரெண்டாவது பாலம் கட்டம் காலியா இருக்குதுங்க. அது ஒண்ணுதான் பாக்கி."

"ஆமா."

"சார் ஒண்ணு–நாலுன்னு எழுதிட்டாரு. நாலு பேர்ல ரெண்டு பேரு கை கோத்துட்டா மீதி ரெண்டு பேருதானுங்களே? ரெண்டு–மூணு. வேற வழியே இல்லீங்க. இதுக்கு எதுக்குங்க இத்தன நாளு?"

"அவர் அதை எழுதல."

"இல்லீங்க மேடம், ஆனா..."

"எழுதாததை நான் எப்படிச் சரிபார்க்கிறது?"

மறுமுனையில் யாரோ தேநீருக்கு அழைப்பது கேட்டது. "மேடம், அந்த ஒரு கட்டத்துக்காக மத்த எல்லாத்தையும் அது மாத்திப்புடுமுங்க" என்றாள். அவள் குரல் தாழ்ந்திருந்தது. எனக்குப் புரியாது என்று நினைத்துச் சொல்லவில்லை. புரியும் என்று தெரிந்துதான் சொன்னாள்.

ஜூன் 16, செவ்வாய்

ஜசிந்தா மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் புள்ள போன்ல அழுதாளா?"

"அழல. ஒட்டுக் கேட்டியா?"

"ஏசி ரூம்ல கண்ண மூடிப் படுத்திருந்தா காதும் மூடிக்கிடுமா? ஒரு கட்டம் நெரப்பணும், அவ்வளவுதானாம்லா. நீங்க நெரப்பலாம்லா?"

"நான் சரிபார்க்கிறவள். எழுதக் கூடாது. அது விதி."

"யாரு போட்ட விதி?"

"நான்."

செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "மைனி, நான் ஒண்ணு கேக்கேன், கோவப்படக் கூடாது. அண்ணன் வந்து எழுதி முடிக்கட்டும்னு காத்திருக்கீகளா?"

இவளுக்குப் பேச இவ்வளவு இடம் கொடுத்தது என் பிழை. மதியம் சாப்பாட்டில் உப்பு கூடுதலாக இருந்தது. சொன்னேன்.

ஜூன் 18, வியாழன்

மழைபோல் கறுத்தது. பெய்யவில்லை.

ஜூன் 20, சனி

மின்னஞ்சல் வந்தது. 2214ஐத் திறந்தேன்.

இத்தனை வாரமும் 'பார்க்க வேண்டியிருக்கிறது' என்று எழுதினேன். துல்லியமாக எழுதுவதென்றால், இதுவரை திறக்கவே இல்லை. பட்டியலில் அந்த எண்ணை மட்டும் பார்த்திருக்கிறேன். மூலக் கட்டுரையைப் பிப்ரவரியிலேயே வாசித்துவிட்டேன். இரண்டு பாலங்களும் ஆய்வகத்தில் உறுதி செய்யப்பட்டவை. ஐயத்துக்கு இடமில்லை.

பதிவின் உச்சியில் ஒரு மஞ்சள் வரி இருக்கிறது.

'இந்தப் பதிவை த. திருத்திக்கொண்டிருக்கிறார்.'

ஒருவர் ஒரு பதிவைத் திறந்து எழுதும்போது மற்றவர் குறுக்கே புகாமல் இருக்க அவர் வைத்த பூட்டு அது. எழுதி முடித்து மூடினால்தான் வரி மறையும். அவர் மூடவில்லை. மின்சாரம் போய் வந்தாலும், பேட்டரி மாற்றினாலும், அந்த வரி மாறாது. திருத்திக்கொண்டிருக்கிறார் என்றே சொல்லும்.

கீழே இனத்தின் பெயர், பிடித்த இடம், சங்கிலியின் எழுத்துகள், முதல் பாலம். எல்லாம் சரி. இரண்டாவது பாலம் என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 12 அன்று நான் கொல்லையில் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஜசிந்தாதான் கூப்பிட்டாள்.

பூட்டை நீக்க ஒரு பொத்தான் இருக்கிறது. நிர்வாகி உரிமை என்னிடமும் உண்டு. அழுத்தினால் 'பூட்டை நீக்கினால் த. சேமிக்காத மாற்றங்கள் அழியும். தொடரலாமா?' என்று கேட்கிறது. வேண்டாம் என்று சொல்லி வெளியே வந்தேன்.

ஜூன் 22, திங்கள்

பூங்கோதை ஒரு வழி கொண்டுவந்தாள்.

"உங்க விதியவே நானும் சொல்றனுங்க மேடம். சரிபாக்கறவங்க எழுதக் கூடாது. அப்ப நீங்க சரிபாக்காதீங்க. நீங்களே எழுதறவங்க ஆயிடுங்க. முதல் பேரு உங்களுது. ரெண்டாவது பேரு வேற யாராச்சும்."

"வேற யார்?"

தயங்கினாள். "நானுங்க."

அவள் படிப்பு, ஆய்வேடு, எத்தனை பதிவுகள் கையாண்டாள் என்றெல்லாம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னாள். பாலங்களைப் பற்றிக் கேட்டேன், தெரிந்திருந்தது. ஆனால் சொல்லத் தெரிந்தவர்களுக்கெல்லாம் பார்க்கத் தெரிவதில்லை. என் வகுப்பில் அப்படிப் பலர் இருந்தார்கள்.

"மூணு பழைய பதிவு அனுப்புறேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு தப்பு வெச்சிருப்பேன். மூலக் கட்டுரையோட ஒப்பிட்டுப் பாருங்க. நாளைக்குச் சொல்லுங்க."

"பரீட்சைங்களா மேடம்?"

"ஆமா."

"எனக்கு முப்பத்தாறு வயசுங்க."

"அதனால?"

ஜூன் 23, செவ்வாய்

நான் வைத்த மூன்று பிழைகளையும் கண்டுபிடித்துவிட்டாள்.

"நாலாவதா ஒண்ணு இருக்குதுங்களே மேடம், அதையும் நீங்கதான் வெச்சீங்களா?"

நான் வைக்கவில்லை. மூன்றாவது பதிவில், சங்கிலியின் நீளத்தை எண்ணும்போது வெட்டப்பட்டு உதிர்ந்துவிடும் முன்பகுதியையும் சேர்த்து எண்ணியிருக்கிறோம். அவர் எழுதி, நான் பார்த்து, இருவரும் பெயர் போட்ட பதிவு. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியே இருந்திருக்கிறது. உலகில் எவரும் சொல்லவில்லை.

மூலக் கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். அவள் சொல்வது சரி.

"வெக்கல" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது எனக்குப் பிடித்தது.

"அந்தத் தப்பை எழுதி எனக்குத் திருப்பி அனுப்பு. நான் திருத்துறேன், நீ பாரு."

"சரிங்க மேடம்."

ஜூன் 25, வியாழன்

காலையில் குளித்து, உடை மாற்றி, முன்னறைக்குப் போனேன். ஜசிந்தாவைப் பாயைச் சுருட்டச் சொன்னேன். வழக்கமாக நான் உள்ளறையில் என் கணினியில்தான் வேலை செய்வேன். இன்று அவர் மேசையில் உட்கார்ந்தேன். நாற்காலி எனக்குச் சற்று உயரம். அதைத் தாழ்த்தும் பிடி எங்கே என்று தெரியவில்லை, அப்படியே உட்கார்ந்தேன்.

2214. மஞ்சள் வரி. பொத்தான்.

'பூட்டை நீக்கினால் த. சேமிக்காத மாற்றங்கள் அழியும். தொடரலாமா?'

சேமிக்காதது ஏதும் இருந்ததா என்பதை அறிய வழியில்லை. இருந்திருக்கலாம். ஓர் எண், ஒரு கோடு. ஜசிந்தா வாசலில் பாயைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்து, போய் உலை வை என்றேன். போகவில்லை.

ஆம் என்று அழுத்தினேன்.

மஞ்சள் வரி ஒரு கணம் மறைந்து மறுபடியும் வந்தது. 'இந்தப் பதிவை எ. திருத்திக்கொண்டிருக்கிறார்.'

இரண்டாவது பாலம்: 2–3.

முதல் பெயர் என்ற கட்டத்தில் ஒருவருக்குத்தான் இடம். இருவர் பெயரையும் போட முடியுமா என்று நேற்றே பூங்கோதையிடம் கேட்டிருந்தேன். முடியாதுங்க, சார் அப்படித்தான் கட்டியிருக்காரு என்றாள். 'த.' இருந்த இடத்தில் 'எ.' வந்தது. இரண்டாவது பெயர், 'பூ.'

குறிப்புக் கட்டத்தில் 'முதல் பாலம் த. எழுதியது' என்று சேர்த்தேன். குறிப்புக் கட்டம் ஆதாரத்துக்கு உரியது, இதற்கு அல்ல. தெரிந்தே எழுதினேன்.

சேமித்து மூடினேன். வரி மறைந்தது.

"முடிஞ்சுதா மைனி?" என்றாள் ஜசிந்தா.

"முடிஞ்சது. பாயை விரிச்சுக்கோ."

அவள் விரிக்கவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டாள். சோறு குழைந்திருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 27, சனி

ஆறு மணிக்கு மின்னஞ்சல் வரவில்லை.

வராது என்பது தெரிந்ததே. என் பார்வைக்கு ஒன்றும் மீதி இல்லை. ஆயினும் பெட்டியை ஒருமுறை புதுப்பித்துப் பார்த்தேன். மின்கட்டண நினைவூட்டல் ஒன்று இருந்தது. சிறிது நேரம் கழித்து மீண்டும் புதுப்பித்தேன். பிறகு ஆகாரம், இட்லி. பத்திரிகைக்காரர் நேற்றைய தாளையே போட்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு மாற்றி வாங்கினேன்.

எட்டு மணிக்குப் பூங்கோதை பேசினாள். சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை.

"மேடம், உங்ககிட்ட இருந்து எனக்கு மெயில் வந்திருக்குதுங்க."

"நான் அனுப்பல."

"தெரியுமுங்க. படிக்கட்டுங்களா?" படித்தாள். "'பூங்கோதை, இவை உன் பார்வைக்கு. அவசரமில்லை.' கீழ 'எ.'ன்னு இருக்குதுங்க."

மாற்றி வாங்கிய பத்திரிகையை மடித்து வைத்தேன்.

"மேடம்? இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அவசரமில்லைன்னு போட்டிருக்கீங்க, செவ்வாக்கெழம கடைசி நாளுங்களே!"

"அது அவர் வாக்கியம். நீ உடனே பாரு."

பதினொரு மணிக்கு 2214 திரும்பி வந்தது. பூங்கோதை சரிபார்த்து முடிக்கவில்லை, திருப்பி அனுப்பியிருக்கிறாள். 'ஆதாரத்தில் பக்க எண் இல்லை.' உண்மைதான். எழுத மறந்திருக்கிறேன். குறிப்புக் கட்டத்தை அவள் தொடவில்லை.

பக்க எண்ணைச் சேர்த்து அனுப்பினேன். பன்னிரண்டு மணிக்கு முடிந்தது என்று வந்தது. எழுதியவர் எ., சரிபார்த்தவர் பூ.

ஜூன் 30, செவ்வாய்

'சங்கு' மையத்தின் தளத்துக்குப் போய்விட்டது. பூங்கோதை முகவரி அனுப்பினாள். திறந்து பார்த்தேன். கையால் சரிபார்த்தவை என்ற அடுக்கில், முழுவதும். முகப்பில் அவர் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. எழுதிச் சொன்னேன். மதியத்துக்குள் திருத்திவிட்டாள்.

இனி வீட்டுச் சர்வர் வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று சொல்லியிருக்கிறாள். எப்படி நிறுத்துவது என்று வரிசையாக எழுதி அனுப்பியிருக்கிறாள். அவள் ஆங்கிலத்தில் இம்முறை ஒரு பிழைதான்.

மூன்று மணிக்கு முன்னறைக்குப் போனேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஜசிந்தா பாயில் கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தாள்.

"மிஷினை நிறுத்தணும். ஏசியையும்" என்றேன்.

கண்ணைத் திறக்கவில்லை. "அவசரம் இல்ல மைனி" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.